குதிரையேற்ற ஹெல்மெட்டை வெயிலில் காயப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், ஆனைமலை என்று கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிரை வளர்ப்பில் ஆர்வம் கூடியிருக்கிறது. தத்தமங்கலத்தில் அங்காடி வேலை என்னும் திருவிழாவையொட்டி நடக்கும் குதிரையோட்டம் இந்த வட்டாரம் அறிந்ததே. இப்போது தென்னந்தோப்புகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும் இடங்களும் வந்துவிட்டன. ஹெல்மெட் போட்டால்தான் ஏற்றுவோம் என்று அங்கே சொல்கிறார்கள்; நல்ல விஷயம். ஆனால் அந்த ஹெல்மெட்டை எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது, எப்போது கழித்துக்கட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. லாயங்களில் எங்கள் கைக்கு வரும் ஹெல்மெட்டுகளில் பல, அழுக்கேறிக் கெட்டதைவிட, நல்ல எண்ணத்தோடு தப்பாகச் சுத்தம் செய்து கெட்டவை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

ஹெல்மெட்டின் வெளிக்கூடு ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கிலோ ஃபைபர் கிளாஸிலோ செய்தது. சிலவற்றில் அதன்மேல் வெல்வெட் ஒட்டியிருக்கும். கூட்டுக்கு உள்ளே கெட்டியான நுரை ஒன்று இருக்கிறது. டி.வி. வாங்கும்போது பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலேதான் அது, இன்னும் அடர்த்தியாக வார்த்தது. கீழே விழும்போது தலையைக் காப்பாற்றுவது முக்கியமாக இந்தத் தெர்மாகோல். அது நசுங்குகிறது; நசுங்குகிற அந்தக் கண நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது; மூளைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியில் பெரும்பங்கு அதோடு நின்றுவிடுகிறது. நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது. தெர்மாகோலுக்கு உள்ளே, தலையில் படுகிற துணி மெத்தை. கடைசியாக, தாடைக்குக் கீழே மாட்டும் பட்டையும் கொக்கியும், பிடரியில் இறுக்கும் திருகும். சுத்தம் செய்கிறவர் மனதில் வைக்க வேண்டியது, வெளிக்கூடு பளபளக்கிறதா என்பதைவிட உள்ளே இருக்கும் தெர்மாகோலுக்குக் கேடு வராமல் வேலை நடக்கிறதா என்பதைத்தான்.

தெர்மாகோலின் முதல் எதிரி கரைப்பான்கள். ஒரு துண்டுத் தெர்மாகோலில் பெட்ரோல் ஊற்றினால் அது கரைந்து பிசினாகிவிடும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். இருந்தும் ஹெல்மெட்டில் தாரோ, பெயின்ட்டோ, ஸ்டிக்கர் பசையோ ஒட்டிவிட்டால் கை முதலில் பெட்ரோல் நனைத்த துணிக்குத்தான் போகிறது. காற்றுத் துளை வழியே இரண்டு சொட்டு உள்ளே இறங்கினால் போதும், வெளியே எதுவுமே தெரியாமல் உள்ளே பள்ளம் விழும். தின்னர், நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன், மண்ணெண்ணெய் எல்லாம் இதே வகைதான். இவை வெளிக்கூட்டுப் பிளாஸ்டிக்கையும் வெளுக்கச் செய்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும்.

லாயத்தில் இன்னொன்றும் உண்டு. கொசு விரட்டி மருந்துகளில் வருகிற டீட் என்கிற பொருள் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும். மருந்து தடவிய கையோடு ஹெல்மெட்டைப் பிடிக்காதீர்கள். குதிரைக்கு ஈ மருந்து தெளிக்கும்போது ஹெல்மெட்டைப் பக்கத்துத் தூணில் மாட்டிவைக்காதீர்கள். எத்தனையோ பேர் அக்கறையோடு செய்கிற தவறு ஒன்று இருக்கிறது: பருவம் முடிந்து ஹெல்மெட்டைப் பெட்டியில் எடுத்துவைக்கும்போது கூடவே நாலு அந்துருண்டை போடுவது. அந்துருண்டையின் ஆவி தெர்மாகோலை மெல்ல இளக்கிச் சுருக்கும். மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் வராமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களே போதும்.

இரண்டாவது எதிரி சூடு. எதைக் கழுவினாலும் வெயிலில் காட்டினால் கிருமி போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். தலையணைக்கு அது சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது. நம் பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்பு ஹெல்மெட்டின் மேற்பரப்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸையும் தாண்டும். தெர்மாகோல் அந்தச் சூட்டில் ஒரேயடியாக உருகிவிடாது. ஆனால் திரும்பத் திரும்பச் சூடேறும்போது குமிழிகள் தளர்ந்து சுருங்குகின்றன, கூட்டோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகிறது. விரலால் தட்டினால் உள்ளே கடகடவென்று ஆடும் ஹெல்மெட் பெரும்பாலும் கார் டிக்கியிலோ தகரக் கொட்டகைப் பரணிலோ கிடந்ததாகத்தான் இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வெளிக்கூட்டை நொறுங்கும்படி ஆக்குகிறது. பட்டையின் நூலையும் பலவீனப்படுத்துகிறது. ஹேர் டிரையர், அடுப்புச் சூடு, பாய்லர் பக்கம் இவையும் கூடாது.

சரி, எப்படித்தான் கழுவுவது? சவாரி முடிந்தவுடன் வியர்வை ஈரத்தோடு பைக்குள் திணிக்காமல், உட்புறம் மேலே பார்க்கும்படி நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட வைத்தாலே பாதி நாற்றம் வராது. வாரம் ஒரு முறை, அல்லது வியர்வையும் புழுதியும் அதிகமான நாட்களில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் குழந்தைகள் ஷாம்பு கலந்துகொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டைவிடக் குறைவாகவே இருக்கட்டும். துணி சோப்புத் தூள் வேண்டாம். அதன் காரம் முழுக்கப் போகாமல் பட்டையிலும் மெத்தையிலும் தங்கி, அடுத்த சவாரியில் வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் அரிப்பைக் கொடுக்கும்.

கழற்றக்கூடிய மெத்தைகளை முதலில் கழற்றிவிடுங்கள். கழற்றும்முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எந்தத் துண்டு எங்கே இருந்தது, எந்த வெல்க்ரோ எந்தப் பக்கம் என்று பிறகு குழப்பம் வரும். தவறாக மாட்டினால் ஹெல்மெட் ஒரு பக்கம் உயர்ந்து உட்காரும். பிடித்து இழுக்கும்போது மெத்தையை இழுக்காமல் வெல்க்ரோ ஒட்டியிருக்கும் இடத்தருகே விரலைக் கொடுத்துப் பிரியுங்கள். தெர்மாகோலில் ஒட்டிய எதிர்த் துண்டு வெல்க்ரோ பிய்ந்து வந்துவிட்டால் கையில் கிடைத்த பசையைக் கொண்டு ஒட்டக் கூடாது. சூப்பர் குளூவும் காலணிப் பசையும் தெர்மாகோலைத் தின்றுவிடும். தயாரிப்பாளரிடம் மாற்றுத் துண்டு கேட்பதே வழி.

வெளிக்கூட்டில் சேறு இருந்தால் காயவிட்டு, மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, பிறகு ஈரத்துணியைப் பிடியுங்கள். ஈரமாகத் தேய்த்தால் மண்ணில் உள்ள மணல் கூட்டைக் கீறிவிடும். துணியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். சொட்டச் சொட்டத் தேய்க்கக் கூடாது. ஹெல்மெட்டை வாளியில் முக்குவதும், குதிரையைக் கழுவுகிற ஹோஸை அதன் மேலும் திருப்புவதும் வேண்டவே வேண்டாம். கூட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நாள்கணக்கில் கிடக்கும். காற்றுத் துளைகளில் அடைந்த குதிரை முடியையும் தேங்காய் மஞ்சித் தூளையும் பழைய பல் பிரஷால் வெளிப்புறமாகத் தட்டி எடுங்கள். குச்சி, ஆணி, ஸ்குரூ டிரைவர் எதையும் உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். கடைசியாகச் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. சித்தூர்ப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் போர்த் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களில் இந்தக் கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் கறுப்புக் கூட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். மங்கல் பூச்சுள்ள ஹெல்மெட்டுக்குக் கார் பாலிஷ் போட்டால் அந்தத் திட்டு நிரந்தரமாகவே நின்றுவிடும்.

வெல்வெட் ஒட்டியதற்கு இதைவிடப் பொறுமை வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே மென்மையான துணிப் பிரஷால் நீவ வேண்டும். கறை இருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். எதிர்த்திசையில் தேய்த்தால் இழை உதிர்ந்து வழுக்கை விழும்.

கழற்றிய மெத்தைகளை அதே ஷாம்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு கட்டி கட்டியாக ஒதுங்கிவிடும். வாஷிங் மெஷினில் போடலாம் என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டும், வலைப்பைக்குள் வைத்து, 30 டிகிரிக்கு மேல் போகாமல் போடலாம். நுரை முழுதும் போகும்வரை அலசுங்கள். ஒரு துண்டுக்குள் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, காற்று வரும் நிழலில் விரித்துவைத்தால் ஒரு நாளில் காய்ந்துவிடும். கழற்ற முடியாத மெத்தை என்றால் ஷாம்புத் தண்ணீரின் நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்துத் துடைத்து, ஈரத்துணியால் இரண்டு முறை ஒற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள்.

பட்டையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தாடை வியர்வையின் உப்பு பட்டைக்குள் காய்ந்து விறைத்துப்போகிறது. விறைத்த பட்டை சரியாக இழுபடாது, குழந்தை இறுக்கமாக மாட்டவும் விடாது. பல் பிரஷை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து இரு பக்கமும் தேய்த்து, ஈரத்துணியால் உப்பு முழுக்க வரும்வரை துடையுங்கள். ப்ளீச்சிங் பவுடரும் ஃபினாயிலும் பட்டை நூலை அரிக்கும். கொக்கிக்குள் மணல் போயிருந்தால், ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கொக்கியை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் அலசுங்கள். மாட்டும்போது ‘டக்’ என்ற சத்தம் தெளிவாக வர வேண்டும். மாட்டியபின் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் இன்னும் மணல் ஒட்டும். தோல் பட்டை இருந்தால் சேணத்துக்குப் போடும் சோப்பைத் துளியளவு தொட்டுத் துடைத்தாலே தாராளம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் தலை எண்ணெய். தேங்காய் எண்ணெய் வழிய வாரிப் பின்னிய தலையோடு பிள்ளைகள் வருவார்கள். அந்த எண்ணெய் மெத்தையில் ஊறி, லாயத்துப் புழுதியைப் பிடித்துக்கொண்டு, கறுத்த பிசுக்காகி, வெல்க்ரோவின் பிடிப்பையும் குறைக்கிறது. சவாரி உள்ள நாளில் எண்ணெய் வைக்காமல் அனுப்புங்கள், அல்லது முந்தின நாள் தலைக்குக் குளிக்க வையுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம். கொண்டையும் உச்சியில் தூக்கிக் கட்டிய குதிரைவால் முடியும் ஹெல்மெட்டுக்குள் போகக் கூடாது; தாழ்வாகப் பின்னிப் பிடரிக்குக் கீழே விடுவதே சரி. கொண்டைக்கு மேல் உட்கார்ந்த ஹெல்மெட் முன்னும் பின்னும் ஆடும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், மட்டமாக உட்கார்ந்து, தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தால்தான் அளவு சரி. பலமுறை கழுவி மெத்தை தட்டையாகிப்போனால் இந்தப் பிடிப்பு தளரும். அப்போது புது மெத்தை போட வேண்டும், பழைய மெத்தைக்கு அடியில் துணியோ ஸ்பாஞ்சோ திணிக்கக் கூடாது.

பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஹெல்மெட்டை அடுத்தடுத்து பல பிள்ளைகள் போடும் இடத்தில் பேனும் தலைப் படர்தாமரையும் பரவ வழியிருக்கிறது. தலையை விட்டு வந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. ஆகவே பேன் கண்ட ஹெல்மெட்டின் மெத்தையைக் கழுவி, ஹெல்மெட்டை மூன்று நாள் யாருக்கும் கொடுக்காமல் தனியே வைத்தாலே சரியாகிவிடும். பேன் மருந்தையும் பூச்சி மருந்தையும் அதன்மேல் அடிக்கத் தேவையில்லை. படர்தாமரை அப்படியில்லை. அந்தப் பூஞ்சையின் விதைகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அப்படிப்பட்ட மெத்தையை மாற்றிவிடுவதே நல்லது. ஒவ்வொரு பிள்ளையும் மெல்லிய பருத்திக் குல்லா ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுவந்து, ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துவரச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். குல்லா போட்டபடியே ஹெல்மெட் அளவு பார்க்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணையும் பெயரையும் கூட்டின் மேல் பெயின்ட்டால் எழுதாமல், மெத்தையில் தைத்த சின்னத் துணியில் எழுதுங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரலும் காற்றும் வரும்போது சேண அறையில் எதுவும் காய்வதில்லை. மெத்தையில் வெள்ளையாகவோ கறுப்புப் புள்ளியாகவோ பூசணம் பூத்தால், அறைக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு பிரஷால் தட்டிவிட்டு, ஷாம்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். தெர்மாகோலில் உள்ள புள்ளியை ஈரத்துணியால் துடைத்து ஃபேனுக்கு எதிரே வைக்கலாம். இந்த மாதங்களில் ஹெல்மெட்டை வீட்டுக்குள், பிளாஸ்டிக் கவருக்குள் கட்டாமல், துணிப் பையில் வைப்பதே பாதுகாப்பு. சேண அறையில் எலித் தொல்லையும் உண்டு. வியர்வை உப்பு ஊறிய பட்டையை எலி கடிக்கும், தெர்மாகோலையும் கொறிக்கும். கொள்ளு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆணியிலோ பைக் கண்ணாடியிலோ உட்புறம் படும்படி மாட்டிவைத்தால் அந்த முனை தெர்மாகோலில் குழி போடும். அகலமான மரப்பலகையில், பட்டையை உள்ளே மடித்து வைப்பதே போதும்.

சில ஹெல்மெட்டுகளில் மெத்தைக்கும் தெர்மாகோலுக்கும் இடையே, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். மிப்ஸ் என்பார்கள். தலை சாய்வாக மோதும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து, மூளை முறுக்குப்படுவதைக் குறைப்பது அதன் வேலை. ஆடுகிறதே, உடைந்துவிட்டதோ என்று நினைத்து டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது ஆடத்தான் வேண்டும்.

சுத்தம் செய்யும் நேரமே சோதனை செய்யும் நேரமும். மெத்தை வெளியே இருக்கும்போது தெர்மாகோல் முழுவதையும் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முடியளவு விரிசல், வழவழப்பாக அமுங்கிய தட்டை இடம், கூட்டை விட்டு விலகிய இடைவெளி, கூட்டின் வெளிப்பக்கத்தில் வெள்ளைக் கோடு, பட்டை ஓரத்தில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்த நூல், துருப்பிடித்த ரிவெட், இவற்றில் எது இருந்தாலும் அந்த ஹெல்மெட் இனி வேண்டாம். தலையோடு தரையில் மோதிய ஹெல்மெட்டில் இவை எதுவும் தெரியாவிட்டாலும் வேண்டாம். கூடு பழைய வடிவத்துக்கு வந்துவிடும், உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். சும்மா நடைபோட்ட குதிரையிலிருந்துதானே விழுந்தான் என்று சமாதானம் சொல்வதைக் கேட்கிறோம். குதிரை மேல் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி உயரத்தில் இருக்கிறது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து, மண்டையில் அடிபட்டுக் கோமாவில் கிடந்தார்; அன்று அவர் தாண்டிக் குதிக்கும் பயிற்சி எதுவும் செய்யவில்லை, ஹெல்மெட்டும் அணியவில்லை.

அடியே படாவிட்டாலும், தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்பதைத்தான். தினமும் பல தலைகளில் ஏறி இறங்குகிற, நம் வெயிலையும் வியர்வையையும் பார்க்கிற பயிற்சி ஹெல்மெட்டை அதற்கு முன்பே மாற்றுவது நல்லது என்பது எங்கள் கருத்து. உள்ளே ஒட்டிய லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அந்த லேபிளைத் தேய்த்துக் கழுவி எழுத்தை அழித்துவிடாதீர்கள். அதில்தான் அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பிரிட்டன் தரமான பி.ஏ.எஸ். 015, ஐரோப்பாவின் வி.ஜி.1 ஆகியவற்றில் எது என்பதும் இருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லாத அலங்காரத் தொப்பியும், பைக்குக்கான ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள ஹெல்மெட்டும், சைக்கிள் ஹெல்மெட்டும் குதிரைக்கு உதவாது. பைக் ஹெல்மெட்டின் கனம் பிள்ளையின் கழுத்துக்கு அதிகம், காதையும் மூடிவிடும்; சைக்கிள் ஹெல்மெட் பிடரிப் பக்கம் போதிய அளவு இறங்காது. குளம்பின் விளிம்பு போன்ற கூர்முனையில் மோதவைக்கும் சோதனை குதிரையேற்றத் தரத்தில்தான் இருக்கிறது.

பழைய ஹெல்மெட்டை யாருக்காவது உதவட்டும் என்று கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஹெல்மெட் விஷயத்தில் அதைச் செய்ய வேண்டாம். இரண்டாங்கையாக வாங்கவும் வேண்டாம், அது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி நடத்தும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் ஹெல்மெட் எண், தயாரித்த மாதம், விழுந்த தேதி, மெத்தை மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதிவைத்து, பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும். பெற்றோரும் கேட்க வேண்டும். கழித்த ஹெல்மெட்டைக் குப்பையில் போடும்முன் இரண்டு பட்டைகளையும் கத்தரியால் அறுத்துவிடுங்கள். அறுக்காமல் போட்டால் வேறொரு பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
குதிரையேற்றப் பயிற்சியாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை – கோபாலபுரம்.